பெருச்சாளி அடித்த பந்து

குளத்தங்கரையில் முளைக்குச்சியில் கட்டிக் கிடந்த எருமைக்கு, பொழுது சாயும்போது எதிரே நடக்கும் பந்தாட்டம்தான் ஒரே ஆறுதல். புன்னைக்காய்தான் பந்து. அணில் வீசும், பெருச்சாளி குச்சியால் அடிக்கும். அடித்தால் காய் குளத்தையே தாண்டிப் போய் விழும்.

எருமை படுத்தபடியே கத்தும். "தொப்பையைப் பாரு! இவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா? ஓட வேண்டிய இடத்துல அசைஞ்சு அசைஞ்சு நடக்கிறான். வேர்வையே வராம ஆடினா அது விளையாட்டா?"

ஆட வந்த மற்ற பிராணிகளெல்லாம் சிரிக்கும். பெருச்சாளி இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தது. வயிறு ஒட்டிப்போனது. அப்புறம் அது அடித்த காய் தண்ணீரிலேயே பொத்தென்று விழுந்தது.

"தெம்பே இல்லாதவனை எதுக்குடா சேர்த்தீங்க?" என்றது எருமை.

மறுநாள் பெருச்சாளி வரவில்லை. அது இல்லாமல் மற்றவையும் கூடவில்லை. அணில் மட்டும் குச்சியை எடுத்துப் போக வந்தது.

"ஏண்டா, ஆட்டம் இல்லையா?"

"அண்ணன் வளையை விட்டு வர மாட்டேங்கிறாரு மாமா. ஒரு வாய்கூடச் சாப்பிடலை."

எருமை கயிறு எட்டும் மட்டும் எழுந்து வந்தது.

"ஐயோ கடவுளே! அவன் அடிக்கிறதைப் பார்க்கத்தானேடா பொழுதெல்லாம் காத்துக் கிடக்கிறேன். அவனை மாதிரி அடிக்க யாரு இருக்கா? நான் சொன்னேன்னு போய்ச் சொல்லுடா, கண்ணு."

அணில் ஓடியது. திரும்பி வரும்போது மெல்ல வந்தது.

"சொன்னேன் மாமா. இதுவும் கிண்டல்தான்னு நினைச்சு, வளை வாயை மண்ணு போட்டு அடைச்சுக்கிட்டாரு."