மாத்திரை யாருக்கு?

“ஸ்டாக் இல்லப்பா. அடுத்த மாசம் வந்து பாரு.”

டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எதிரே நின்ற வேன்காரிக்குச் சுருக்கென்றது. பேக்கரிகளுக்கு மாவு மூட்டை இறக்குகிற வேன் அவளுடையது. பிறந்தபோது வீட்டார் அவளை ஆண் பிள்ளை என்றார்கள். அவள் பெண்ணாக வாழ ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஊரே அக்கா என்கிறது, இந்த மனுஷர் வாயில்தான் நுழையவில்லை.

“‘பா’ இல்ல டாக்டர், ‘மா’. எத்தனை தடவை சொல்றது?”

“சரி, ஏதோ ஒண்ணு. ஸ்டாக் இல்ல.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. கையில இருந்தது நேத்தோட தீர்ந்துடுச்சு. எச்.ஐ.வி. வராம இருக்கத்தான் தினமும் போட்டுக்கறேன். நடுவுல விட்டா...”

“எனக்கே பாடம் எடுக்கறியா? வராம இருக்கணும்னா ஒழுங்கா இருந்தாப் போதும். மாத்திரை இருக்குங்கற தைரியத்துலதான் நீங்கள்லாம் ஊர் மேயறீங்க.”

இலவசமாகக் கொடுங்கள் என்று அரசாங்கம் அனுப்பி வைக்கிற மருந்து அது. கேட்டு வருகிறவர்களின் ஒழுக்கத்துக்கு மார்க் போடச் சொல்லி யாரும் அவரை உட்கார வைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவர் அதைத்தான் செய்து கொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் அவளைப் போலவே இன்னும் சிலர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் காலையிலேயே இதே பதில் கிடைத்துவிட்டது. வேன்காரி பேசினால் ஏதாவது நடக்கும் என்று நம்பி, ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

“என்கூட இருந்தாளே சின்னவ, அவளையும் இப்படித்தான் பேசிப் பேசியே விரட்டுனீங்க. கூச்சப்பட்டுக்கிட்டு வர்றதையே விட்டுட்டா. இப்ப அவளுக்கு நோய் வந்துடுச்சு. இனிமே ஆயுசுக்கும் வைத்தியம். இதுக்கு யார் பதில் சொல்றது?”

“அவ செஞ்சதுக்கெல்லாம் நானா பொறுப்பு?”

இந்த ஆளிடம் அழுது காட்டக் கூடாது என்று வேன்காரி பல்லைக் கடித்துக் கொண்டாள்.

“சரி, டெஸ்டாவது எடுங்க. ரிசல்ட்டைக் காட்டி வேற எங்கயாவது வாங்கிக்கறேன். டெஸ்ட் எடுக்காம எங்கயும் தர மாட்டாங்க.”

“தாராளமா எடுக்கலாம். உனக்கு இன்னும் வராமலா இருக்கும்? நானும்தான் பார்க்கறேனே.”

நர்ஸ் கொண்டுவந்த ஊசியை அவரே வாங்கி ரத்தம் எடுத்தார். ரத்தம் எடுத்த குழாயை வாங்கிக்கொண்டு நர்ஸ் ஓரத்து மேஜைக்குப் போனாள்.

குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவரிலேயே அதைப் படம் போட்டு ஒட்டியிருந்தது. வாய் அவ்வளவு வேகமாக ஓடும்போது கையை யார் கவனிப்பது? பேசிக்கொண்டே மூடியை மாட்டினார்.

“மனசுல கட்டுப்பாடு இருக்கணும். அதெல்லாம் உங்க கூட்டத்துக்கு எங்க... ஆ!”

கையுறை விரலில் சிவப்பாக ஒரு பொட்டு.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயடிக்கு ஓடி விரலைக் கழுவினார். திரும்பியபோது குரலே மாறியிருந்தது.

“அம்மா... உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா? போன தடவை டெஸ்ட் எப்படி இருந்தது? உண்மையைச் சொல்லிடுங்கம்மா!”

எத்தனை தடவை சொல்லியும் வராத மரியாதை, ஒரே குத்தில் வந்துவிட்டது.

“ஒண்ணும் இல்ல டாக்டர். நெகட்டிவ்தான். நேத்து வரைக்கும் ஒருநாள்கூட மாத்திரையை விட்டதில்ல.”

“ஆமா சார்,” என்றாள் நர்ஸ். “அக்காவுக்கு எப்பவும் நெகட்டிவ்தான். கொஞ்ச நேரத்துல ரிசல்ட் தெரிஞ்சுடும், பதறாதீங்க.”

“கொஞ்ச நேரமா? அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரச் சொல்றியா? எனக்குப் பெண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க! நோய் தொத்திக்காம இருக்கணும்னா முதல் டோஸை இப்பவே போட்டாகணும்!”

நர்ஸ் திருதிருவென்று விழித்தாள்.

“எதைப் போடறது சார்? கூடச் சேர்க்க வேண்டிய மாத்திரை எங்கிட்ட இருக்கு. ஆனா முக்கியமானது இவங்க கேட்கற அதே மாத்திரையாச்சே. அதுதான் இல்லைன்னு நீங்களே...”

டாக்டர் அவள் முடிப்பதற்குக் காத்திருக்கவில்லை. பேண்ட் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். நாற்காலிக்குப் பின்னாலிருந்த தன் சொந்த அலமாரியைத் திறந்தார்.

மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை அதே வெள்ளை டப்பாக்கள். ஒன்றில்கூட சீல் உடைக்கவில்லை. முன் வரிசையில் இருந்தவை காலாவதி ஆகப் போகிற நிலையில் இருந்தன.

நர்ஸ் வாயைப் பொத்திக் கொண்டாள்.

அவர் ஒரு டப்பாவைப் பிய்த்து, தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரையை விழுங்கினார். விழுங்கிய கையோடு அலமாரிக் கதவைச் சாத்தப் போனார்.

சாத்த முடியவில்லை. மூட்டை தூக்கிப் பழகிய ஒரு கை கதவைப் பிடித்திருந்தது.

சின்னவளுக்குச் சேர வேண்டியதும் இந்தத் தட்டில்தான் இருந்திருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் வேன்காரியின் பிடி இன்னும் இறுகியது. கதவை விடாமல், வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“எல்லாரும் உள்ள வாங்கடி! டாக்டருக்குப் பயம் வந்துடுச்சு, அலமாரி திறந்துடுச்சு!”