வெடித்தது யாருடையது?

“இது யாரோட வேலை?”

சூளையின் கதவைத் திறந்ததுமே ஹெட்மாஸ்டரின் குரல் உயர்ந்தது. நடுத்தட்டு முழுக்கச் சில்லு. அவருடைய பெரிய ஜாடி கழுத்து ஒடிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

ஹெட்மாஸ்டர் என்பது பட்டப்பெயர்தான். பானை வனைவதுதான் மனிதருக்குப் பிழைப்பு. ஆனால் மண் பிசையும்போதுகூட யாரையாவது பெஞ்சு மேல் ஏற்றப்போகிற முகம். அந்த ஜாடியை இரண்டு பாகமாக வனைந்து, ஒட்டி, பிளாஸ்டிக் போர்த்தி, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துக் காய வைத்திருந்தார். கண்காட்சிக்குப் போக வேண்டியது.

பட்டறைக்குப் புதியவள் பின்னால் நின்று நடுத்தட்டை எட்டிப் பார்த்தாள்.

அது அவள் வேலைதான். அவள் கிண்ணம் இருந்த இடத்தில் அடிப்பாகம் மட்டும் வட்டமாக மிச்சமிருந்தது. வேறெதுவும் வந்து இடித்திருந்தால் இப்படி ஆகாது. மண்ணுக்குள் ஈரம் இருந்து, சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் வெடித்தால்தான் இப்படி.

காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஜில்லென்றிருந்தால் ஈரம். வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றுதான் இருந்தது. காலைக் குளிராக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தட்டில் வைத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் கிண்ணம். அடுத்த சூளைவரை காத்திருக்கப் பொறுமையில்லை.

வாரம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். “இந்த வயசுல மண்ணுல விளையாடப் போறியா?” என்று கேலி செய்த கணவரிடம் மல்லுக்கட்டி வாங்கியது இந்த ஞாயிற்றுக்கிழமை. இதுவும் போய்விட்டால்?

“ஈரத்தோட வைக்கிறவங்களுக்கு இங்க இடமில்லைன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு. யாருன்னு கேக்கறேன்.”

அவள் வாயைத் திறந்தாள்.

“என்னோடதுதான்.”

சொன்னது அக்கா. பட்டறையின் சொந்தக்காரர், வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அக்கா. தலை நிமிராமல் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“சின்னக் குவளை ஒண்ணு. அவசரத்துல வச்சுட்டேன்.” பிறகு புதியவளைப் பார்த்தார். “உன் கிண்ணத்தையும் சேர்த்து உடச்சுட்டேம்மா. தப்பா எடுத்துக்காத.”

புதியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஹெட்மாஸ்டர் விடுவதாக இல்லை.

“நீங்களே இப்படிப் பண்ணலாமாக்கா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. கன்னத்துல வச்சுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கலாம். கன்னமே மரத்துப் போச்சுன்னா கடையைச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான்.”

அங்கிருந்த மற்ற இரண்டு பேரும் காதில் எதுவும் விழாததுபோல் பானைக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் பூச்சு வாளியை மும்முரமாகக் கலக்கினார்கள். அக்கா “சரிப்பா, சரிப்பா” என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

புதியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனிதர் இவர்? ஒரு ஜாடிக்காக மூத்தவரை நிற்க வைத்து இப்படியா கேட்பது? ஆத்திரம் பாதி அவர் மேல், மீதி தன் மேல். வாயை மூடிக்கொண்டு நிற்பது அவள்தானே.

ஒடிந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் விறுவிறுவென்று வெளியேறினார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

“சார், ஒரு நிமிஷம்.”

காரின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தவர் திரும்பினார்.

“வெடிச்சது அக்காவோடது இல்ல சார். என்னோடது. ஈரம்னு தெரிஞ்சேதான் வச்சேன். அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் இனிமே வரலை.”

சொல்லி முடித்ததும் அழுகை முட்டியது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது.

அவர் ஜாடியை மெதுவாக சீட்டில் படுக்க வைத்தார்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“உள்ள இருந்த எல்லாருக்கும் தெரியும். அடிப்பாகத்தைப் பார்த்தாலே தெரியாதா? அதுவுமில்லாம, அக்கா இந்தத் தடவை எதுவுமே சூளையில வைக்கலை.”

“அப்புறம் எதுக்குத் தன்னோடதுன்னு சொன்னாங்க?”

“முதல் கிண்ணமும் வெடிச்சு, நாலு பேர் முன்னாடி திட்டும் வாங்கினா அப்புறம் யாரு மண்ணைத் தொடுவாங்க? என்னோட முதல் கிண்ணம் வெடிச்சப்பவும் தன்னோடதுன்னுதான் சொன்னாங்க. கிளேஸ் கலக்கிட்டிருந்தாங்களே, அவங்க ரெண்டு பேருக்கும் அதே கதைதான்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“எல்லாம் தெரிஞ்சுமா அக்காவை அந்தத் திட்டு திட்டினீங்க?”

“யாராவது திட்டினாத்தானே நம்பற மாதிரி இருக்கும்? என்ன, ஜாடி போனதுல பாதித் திட்டு நிஜமாவே வந்துடுச்சு.”

அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை ஒழுங்கா வந்துடுங்க. புதுசா ரெண்டு பேர் சேர்றாங்க. இனிமே அக்காவைத் திட்டுறது உங்க முறை.”