பென்சிலில் எழுதிய இருபத்து மூன்று

எந்தப் பிள்ளைக்கும் தொண்ணூறுக்குக் குறைத்து மார்க் போடக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் போட்டு ஆறு வருஷமாயிற்று. மேசையைத் தட்டி அதை நிறைவேற்றிய மகாராசன்கள் எவருக்கும் விடைத்தாள் திருத்துகிற வேலை கிடையாது. தூத்துக்குடி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் எமல்டாவுக்கு அதுதான் வேலை. வெறும் தாளை நீட்டியவனுக்கும் தொண்ணூறு போட்டுப் போட்டு அவளுக்குக் கை கூசியது. போன பரீட்சையில் ஒரு தாளின் மூலையில், பென்சிலால், பொடி எழுத்தில் 23 என்று உண்மையை எழுதிவிட்டாள்.

விசாரிக்க வந்துவிட்டார் கல்வி அதிகாரி சுடலையாண்டி.

"பிள்ளை மனச நோகடிக்கது குத்தம்னு தெரியும்லா டீச்சர்? வேலையே போயிரும்."

எமல்டா விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை ஃபைலில் வைத்துக்கொண்ட அதிகாரி, எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்தார்.

"எம் மக எழுதுனது. அடுத்த மாசம் வெளிநாட்டுக் காலேஜ் என்ட்ரன்ஸ். அங்க நம்ம சட்டம் செல்லாதாம். இவ எல்லாத்துலயும் தொண்ணூத்தஞ்சு வாங்குதா, படிச்சிருக்காளா இல்லையான்னே தெரியல. நெசமா எத்தனைன்னு பென்சில்ல போட்டுக் குடுங்க டீச்சர்."

முதல் கணக்கின் மூன்றாம் வரியிலேயே பிள்ளை குப்புற விழுந்திருந்தது. எமல்டா கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து, பெரிதாகத் தொண்ணூறு போட்டு நீட்டினாள்.

"பிள்ளை மனசு நோகக் கூடாதுல்லா, சார்."