அந்தப் பக்கக் கதவு

"எம் புருஷன் துபாயில இல்ல" என்றாள் சுபலட்சுமி. "இங்க கோச்சடையிலதான் இருக்காரு. வேற ஒருத்தியோட."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவளையே பார்த்தான். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மற்றதெல்லாம் வெள்ளை உடை.

இருவருக்கும் நடுவே சுவரில் பதித்த எஃகுப் பெட்டி. பாஸ் பாக்ஸ் என்பார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த கதவுகள். ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிற அறைக்குள் தூசி போகக் கூடாது.

அவள் தட்டை வைத்து மூடியதும் பெட்டிக்குள் ஊதா விளக்கு எரியும். அது அணையும்வரை இருவரும் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் அவள் பேசுவாள்.

அவன் பெயர்கூடத் தெரியாது. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு வேறு வாசல், வேறு சாப்பாட்டு நேரம்.

"போன வாரம் பஸ்ல பாத்தேன். மடியில ஒரு பிள்ள. அப்படியே அவரு சாயல். என்னையப் பாத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் காளவாசல்ல எறங்கிட்டேன். அது என் ஸ்டாப்பு இல்ல."

ஊதா விளக்கு அணைந்து பெட்டியின் பஸ்ஸர் அலறியது. அவன் அசையவில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகே கதவைத் திறந்து தட்டை எடுத்தான்.

இவ்வளவு சத்தமே எட்டவில்லை, தன் பேச்சா எட்டிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள் அவள் வாய் திறந்ததே அந்தத் தைரியத்தில்தான்.

கூட வேலை செய்யும் தாமரைச்செல்வி அடுத்த தட்டுகளைத் துடைத்து எடுத்து வந்தாள். "சுவத்துக்கிட்ட என்னக்கா முணுமுணுப்பு?"

"பாட்டு."

"துபாய் மாமா இந்தப் பொங்கலுக்காச்சும் வாராரா, இல்ல பார்சல் மட்டுந்தானா?"

"லீவு கிடைக்கலையாம்."

"போன தடவ அனுப்புன செண்டு நல்லாருந்துச்சு. இன்னொண்ணு சொல்லி விடுங்க."

சரி என்றாள். அந்த செண்டை அவளே உள்ளூரில், கோரிப்பாளையத்தில் வாங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் அவளையும் உள்ளே மாற்றுகிறார்கள். சூப்பர்வைசர் அருண்பாண்டி காலையில்தான் சொன்னான். உள்ளே போனால் தன் முகமும் மூடிக்கொள்ளும். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

கடைசித் தட்டை வைத்து மூடினாள். விளக்கு எரிந்தது.

"இனிமே நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். இந்த ஊர்ல நான் உண்மையச் சொன்னது உங்ககிட்ட மட்டுந்தான். உங்களுக்கு அது தெரியாது. அதுவும் நல்லதுதான். வாரேன்."

அவன் இடமும் வலமுமாக வேகமாகத் தலையை ஆட்டினான்.

தட்டில் ஏதோ தவறு போல. அவள் குனிந்து பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து கிளம்பும்போது அருண்பாண்டி அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, நீங்க வெளியவே இருங்க. முத்துக்குமரண்ணே ஒத்தக்கால்ல நிக்கிறாரு, உங்கள மாத்தவே கூடாதாம்."

"அது யாரு?"

"பாஸ் பாக்ஸ்ல தட்டு எடுப்பாருல்ல, அவருதான்."

"நான் எங்க இருந்தா அவருக்கென்ன?"

"அவருக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காதுக்கா. உதட்டப் பாத்துத்தான் பேச்சப் புரிஞ்சுக்குவாரு. உள்ள நாங்க அம்புட்டுப் பேரும் மாஸ்க்கால வாய மூடியிருக்கோம்."

சுபலட்சுமியின் கை தானாக வாய்க்குப் போனது.

"நீங்க பேசுறது மட்டுந்தான் அவருக்குக் கேக்குதாம்."