சாம்பிள் பீஸ்

முதல் அடியிலேயே அயர்ன்காரனின் உதடு கிழிந்துவிட்டது. மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள்மேல் ரத்தம் தெறித்தது.

"என் தங்கச்சியைப் பத்தியாடா பேசற?" தையல் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அவன் காலரைப் பிடித்துச் சுவரில் மோதினார். அப்பா போனதிலிருந்து தங்கச்சியைப் பொத்திப் பொத்தி வளர்த்தவர் அவர். கோபமோ மூக்கு நுனியில். "உங்க தங்கச்சியும் அயர்ன்காரனும் சாம்பிள் பீஸ், சாம்பிள் பீஸ்னு பேசிச் சிரிக்கறாங்க" என்று சூப்பர்வைசர் பற்றவைத்துவிட்டுப் போயிருந்தான், அந்த மகராசன்.

"அப்படின்னா என்னடா அர்த்தம்? சொல்லு!"

அவன் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான். வயிற்றில் ஓர் உதை விழுந்து சுருண்டான். தூக்கப் போனவனுக்கும் ஒன்று விழுந்தது. அப்புறம் எவன் கிட்டே வருவான்?

"நீயாவது சொல்லுக்கா!" பட்டன் துளைக்குக் காஜா போடுகிறவளிடம் பாய்ந்தார் மாஸ்டர்.

அவள் இரண்டடி பின்வாங்கினாள். "ஆர்டர் குடுக்க வர்றவங்க கண்ணுல காட்ட, ஒண்ணே ஒண்ணு பிசிறில்லாமத் தைப்போமே மாஸ்டர், அதான். யாராவது பார்க்க லட்சணமா இருந்தா, பொம்பளைங்க நாங்க எங்களுக்குள்ள அப்படிச் சொல்லிக்குவோம். சும்மா விளையாட்டுக்கு."

"விளையாட்டா? என் வீட்டுப் பொண்ணு இவனுக்குக் கடைச்சரக்கா?" கொதித்துக்கொண்டிருந்த அயர்ன் பாக்ஸைத் தூக்கினார். "கடைசியாக் கேட்கறேன். நீதானே சொன்ன?"

"நான் சொல்லல மாஸ்டர்."

"அப்ப யாருடா?"

அவன் பக்கத்து அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். "என்னையே அடிங்க."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவி மனுஷன், அயர்ன் பாக்ஸை அவன் கன்னத்தில் வைத்து அழுத்தியே விட்டார். அவன் போட்ட அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பக்கத்து அறையில் மிஷின் இரைச்சலுக்கு நடுவே பட்டன் தைத்துக்கொண்டிருந்த தங்கச்சி அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். அண்ணனைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தோல் உரிந்த அந்தக் கன்னத்தைத் தொடவும் முடியாமல், விடவும் முடியாமல் கதறினாள்.

"எழுந்திருடி! உன்னைச் சாம்பிள் பீஸ்னு சொன்னவன் அவன்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இந்த மூஞ்சியைப் பார்த்து நான் வச்ச பேருண்ணே அது."