ரோதை முனியின் விரல்

கந்தப்பன் விரலை நீட்டி வாயைத் திறந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது.

குவைத்தில் இருக்கிற லோஜினியின் முகம் பாதிக் கொட்டாவியில் நின்றதுபோல போனில் நின்றது. பிறகு அதுவும் மறைந்தது.

"இன்னும் மேல தூக்கு புள்ள" என்றார் கந்தப்பன்.

மனைவி மீனம்மா ஏற்கெனவே தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தின் திட்டில் ஏறி, எக்கி நின்றுதான் போனைப் பிடித்திருந்தாள். அதற்கு மேல் வானம்தான் இருந்தது. அதிலும் மழை.

கினிகத்தேனைக்கு மேலே, அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்த மடுவம்.

கந்தப்பன் சாமியாடி. அவர் மேல் வருவது ரோதை முனி, தேயிலை ஃபேக்டரியின் பெரிய சக்கரத்துக்குக் காவல் நிற்கிற சாமி. வெள்ளைக்காரன் கொண்டுவந்த இயந்திரத்தையெல்லாம் அடக்கி வைத்த முனிக்கு, இந்த உள்ளங்கை அகல போன் மட்டும் பிடிபடவில்லை.

தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பாதிப் பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். குறி கேட்க ஆளில்லை. அதனால்தான் 'இருந்த இடத்திலிருந்தே குறி' என்று ஃபேஸ்புக்கில் போட்டார்.

முதலில் கேட்க வந்தவனுக்கு உடுக்கை அடிக்கும்போதே லைன் அறுந்தது. அவன் அந்தப் பதிவுக்குக் கீழே 'பொய்ச் சாமி' என்று எழுதிவிட்டுப் போனான். அன்றைக்குக் கந்தப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, முனியையல்லவா சொல்லிவிட்டான்.

அடுத்து வந்தவள் லோஜினி. இவளும் கோபித்துக்கொண்டு போனால் அவ்வளவுதான். உடப்புசல்லாவையில் ஒருத்தர் வைஃபை போட்டுக் குறி சொல்கிறாராம். எல்லோரும் அங்கே போய்விடுவார்கள்.

லோஜினியும் பாவம். வீட்டு வேலை பார்த்து, தங்கச்சி சடங்குக்கென்று வாங்கிய சங்கிலி வைத்த இடத்தில் இல்லை. அறையில் கூடத் தங்கியிருக்கும் பெண்களில் யாரோதான் எடுத்திருக்க வேண்டும். யார் என்று முனி சொல்ல வேண்டும்.

அதற்குள்தான் இப்படி.

மீனம்மா திட்டிலிருந்து இறங்கினாள். குறிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டாள். சாமிக்கு வைத்த பழம். கந்தப்பன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கவலை அவருக்கு.

காத்திருந்து காத்திருந்து கால் மரத்துப்போன பிறகு போன் மணியடித்தது. லோஜினியிடமிருந்து குரல் செய்தி. கந்தப்பன் திட்டு வாங்கத் தயாராகிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாமி, சங்கிலி கெடச்சிருச்சுங்க சாமி."

படம் அங்கே அவள் போனில் அப்படியே நின்றுபோயிருந்ததாம். கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, விரலை நேராக நீட்டியபடி முனி அசையவே இல்லையாம். பெண்கள் இடம் மாறி மாறி நின்று பார்த்தார்களாம். எங்கே போய் நின்றாலும் விரல் அவரவரையே காட்டியதாம். கதவோரம் நின்றவள் முதலில் தண்ணீர் குடித்தாள். பிறகு அழுதாள். பிறகு கோதுமை மாவு டின்னுக்குள் கையை விட்டாள்.

பக்கத்து அறைக்காரிகளும் குறி கேட்கக் காத்திருக்கிறார்களாம். பேசுகிற குறி வேண்டாமாம். இதே மாதிரி அசையாத குறிதான் வேண்டுமாம்.

மீனம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

கந்தப்பனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வெட்கமாகவும் இருந்தது. முனியின் பேரில் ஒரு பொய் நிற்கக் கூடாது. பொய்ச் சாமி என்று எழுதியவன் சொன்னது உண்மையாகிவிடும். அவர் போனை வாங்கினார். குரல் செய்தி அனுப்புகிற இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"லோஜினிம்மா, முனி எம்மேல வரவே இல்லம்மா. போன் மேல ஒரு அட்டை ஏறிக்கிட்டு இருந்துச்சு. எங்க வீட்டு ஆள் கையில கடிச்சிரப் போவுதேன்னு அதத்தான் கை நீட்டிக் காட்டுனேன்."

விரலை எடுத்தார். செய்தி போகவில்லை. சிக்னல் மறுபடியும் போயிருந்தது.

மீனம்மா வழக்கம்போலத் திட்டில் ஏறி, எக்கி நின்று, போனை உயரத் தூக்கினாள்.

கந்தப்பன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.