ஒரே கட்டுத் துணி

“ரெண்டு கோட்டுக்கு எதுக்கு மாமா இவ்ளோ துணி?”

மருமகன் கேட்டதும் கட்டிங் மாமா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முறைத்தார். டைலரிடமே துணிக் கணக்குக் கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாயா என்று கேட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் இந்த மருமகன், இன்னொருவன் பல் டாக்டர். இருவருக்கும் ஒரே கட்டுத் துணியில்தான் வெட்ட வேண்டும் என்பது கடையின் சட்டம். கட்டு மாறினால் சாயமும் கொஞ்சம் மாறும். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் காட்டிக்கொடுத்துவிடும்.

கடையில் வயசானவர்கள் மூன்று பேர். வெட்டுவது கட்டிங் மாமா, மருமகனின் அம்மாவுக்குத் தம்பி. தைப்பது மிஷின் மாமா, கட்டிங் மாமாவின் கணவர். காஜாவும் பட்டனும் பட்டன் மாமா. வேலைக்கு வந்தவர், மாடி அறையிலேயே தங்கிவிட்டார் என்றுதான் மருமகன் சின்ன வயசிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சுவரில் கட்டிங் மாமாவும் மிஷின் மாமாவும் கல்யாணக் கோட்டில் சிரிக்கிற போட்டோ. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மருமகனுக்குத் தன்னைப் பற்றி வீட்டில் சொல்லத் தைரியமே வந்தது. சொன்ன அன்றைக்கு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டபோது திறந்திருந்ததும் இந்தக் கடைதான். கட்டிங் மாமா முகம் சுளித்தால் அவனால் தாங்க முடியாது.

அதனால்தான் அந்தப் பொய்.

பொய் கடை வாசலில் இருவரின் பைகளையும் தூக்கிக்கொண்டு நின்றது. நெட்டை என்று கூப்பிடுவார்கள். ரூம்மேட் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் மூன்று பேரும் ஒருத்தரையொருத்தர் காதலித்து ஒரே வீட்டில் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். சட்டப்படி இரண்டு பேர்தான் கையெழுத்துப் போட முடியும் என்பதால் சீட்டுக் குலுக்கினார்கள். நெட்டை தோற்றான்.

மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று பல் டாக்டர் கெஞ்சிப் பார்த்தான். மருமகன் அசையவில்லை. ஒரு வாடிக்கையாளர் இரண்டு இடத்தில் குடும்பம் வைத்திருப்பது தெரிந்ததும், பாதி தைத்த கோட்டை அவர் கையில் திணித்து மாமா வெளியே அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். அந்தக் காலத்து ஆளுக்கு இதெல்லாம் புரியாது என்று முடித்துவிட்டான்.

மாமா நெட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

“கல்யாணத்துல இந்தத் தம்பிக்கு என்ன வேலை?”

“போட்டோ எடுக்கறான் மாமா.”

“எல்லாத்தையும் இவரே எடுத்தா, இவர் எந்தப் போட்டோல இருப்பாரு?”

நெட்டை சிரித்து வைத்தான். பாவம், அவனுக்கு அது பழகிப்போயிருந்தது. மிஷின் மாமா மிஷினை நிறுத்தினார். பட்டன் மாமா மட்டும் தலை நிமிரவே இல்லை.

டேப் பழசாகிவிட்டது, சரியாக இருக்கிறதா பார்க்கணும் என்று சொல்லி மாமா நெட்டையைக் கூப்பிட்டார். தோளில் ஒரு நுனி, மணிக்கட்டில் ஒரு நுனி. மனுஷன் வேண்டுமென்றே அவனை நோண்டுகிறார் என்று மருமகன் நினைத்தான்.

கோட் ரெடியானதும் போன் வந்தது. மூணு பேரும் வாங்க என்றார் மாமா. அந்த ‘மூணு’ மருமகனுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது.

இரண்டு கோட்டும் அளவெடுத்த மாதிரி என்ன, அளவெடுத்தே தைத்ததுதானே, அப்படிப் பொருந்தின. பிறகு மாமா உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். அதே சாம்பல் நீலம். கை மட்டும் நல்ல நீளம்.

“மாமா, இது…”

“பேசாத. அந்த ஆளை நான் வெளிய அனுப்பினது ரெண்டு பேரை நேசிச்சதுக்கு இல்லடா. ஒருத்திக்குத் தெரியாம ஒருத்திய ஒளிச்சு வச்சதுக்கு. நீயும் ஒரு மனுஷன கேமராவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கப் பாக்கற.”

நெட்டை கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழுதான். பல் டாக்டர் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தான். மருமகன் மாமாவைக் கட்டிக்கொண்டதில் அவர் சட்டையிலிருந்த குண்டூசி நறுக்கென்று குத்தியது. அவன் விடவில்லை.

“உங்களுக்கு இது எப்படி மாமா புரிஞ்சுது? உங்க காலத்துல…”

“எங்க காலத்துல ரெண்டு பேருன்னு சொல்லவே கை கால் நடுங்குச்சு. மூணு பேருன்னு எங்க போய் சொல்றது?”

மருமகன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். போட்டோவில் மாமாக்கள் இருவரும் ஒருத்தரையொருத்தர் பார்க்கவில்லை. இரண்டு பேருமே படம் எடுத்தவரைப் பார்த்துத்தான் அப்படிக் குழைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அதை அவன் கவனித்ததே இல்லை.

பட்டன் மாமா எழுந்து வந்தார். நெட்டையின் கோட்டில் கடைசிப் பட்டனை இழுத்துப் பார்த்துவிட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“போட்டோ எடுக்க வெளியிலேர்ந்து ஆள் சொல்லிடுங்கப்பா. என்கிட்ட வராதீங்க. இந்தத் தடவ நானும் இவங்க பக்கத்துல நிக்கப்போறேன்.”